‘ரெண்டு’ என்று சொன்னேன்

என்னோடு வண்டி தள்ளிய, என் தங்கையைக் கட்டிய, என் அருமை மச்சான் காத்தமுத்துவுக்கு,

வருகிற வெள்ளிக்கிழமையோடு நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. அன்றைக்குப் பேப்பரில் உன் படத்தைப் போட்டு நினைவஞ்சலி கொடுக்க வேண்டும் என்று பாக்கியம் சொன்னாள். “நீதாண்ணே எழுதணும். அவரைப் பத்தி உனக்குத்தான் எல்லாம் தெரியும்” என்றாள். எல்லாம் தெரியும் என்பது உண்மைதான். அதனால்தான் மூன்று ஞாயிற்றுக்கிழமையாகப் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக உட்கார்ந்திருக்கிறேன்.

அவளுக்கு என்ன வேண்டும் தெரியுமா? உன் படத்துக்குக் கீழே என்னைப் பற்றியும் ஒரு வரி வர வேண்டுமாம். கயிறு அறுந்து வண்டி ஓடிய அன்று உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிய மச்சான் என்று போட வேண்டுமாம். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வெட்கங்கெட்ட தலை, எதற்கும் ஆடும்.

அந்தக் கயிறு அறுந்து போகவில்லை, மச்சான். அது எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். உனக்குத் தெரியும் என்பது மட்டும் எனக்குப் போன மாதம்தான் தெரிந்தது.

முதலில் வீட்டுச் சேதியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வாய். தோ பாயோ வீடு அப்படியேதான் இருக்கிறது. நீ அதில் இருந்தது எட்டு மாதம்தான், ஆனால் வாசலில் உன் நாற்காலியை இன்னும் யாரும் நகர்த்தவில்லை. லிப்ட் மேலே கிளம்பும்போது வயிறு மட்டும் கீழேயே நின்றுவிடுகிறது என்று சொல்லி, பாக்கியம் இன்றைக்கும் ஏழு மாடியையும் படியேறித்தான் போகிறாள். தேவகி செகண்டரி டூவுக்குப் போய்விட்டாள். உன்னைப் போலவே எதிர்த்துப் பேசுகிறாள்.

சிராங்கூன் ரோட்டில் நம்முடைய மாதிரிக் கைவண்டி இப்போது அநேகமாகக் கிடையாது. எல்லாம் லாரிதான். நானும் லாரிதான் ஓட்டுகிறேன். சரக்கு ஏற்றியிருந்தால் முன்னால் போகிறவனுக்கும் எனக்கும் நடுவில் நிறைய இடம் விட்டுத்தான் போவேன். பின்னால் வருகிறவன் ஹார்ன் அடித்துத் திட்டுவான். “ஊர்வலமா போறே?” என்று ஒருவன் நேற்றுக்கூடக் கேட்டான். கேட்கட்டும். அவனுக்கு என்ன தெரியும்?

உன்னைப் பற்றி ஊரார் பேசுவதைக் கேட்டால் நீயே சிரிப்பாய். தெய்வம் மாதிரி மனுஷன் என்கிறார்கள். தெய்வமாவது! சீட்டாட்டத்தில் கள்ள ஆட்டம் ஆடுவாய். காப்பியில் பால் ஒரு துளி கூடிவிட்டால் கடைக்காரனோடு அரை மணி நேரம் மல்லுக்கு நிற்பாய். எனக்குத் தெரிந்த காத்தமுத்து அவன்தான். ஆனால் வண்டி விஷயத்தில் உன்னிடம் விளையாட்டு நடக்காது.

ஏற்றின வண்டியை நீ கண்ணால் நம்ப மாட்டாய். இழுக்குமுன் ஒரு தடவை தோளைக் கொடுத்து மெல்லத் தள்ளிப் பார்ப்பாய். எப்படிக் கிளம்புகிறது என்று பார்த்துவிட்டு அப்படியே பிடித்து நிறுத்துவாய். ஒருநாள் மெத்தைக் கடைக்கு இலவம் பஞ்சு ஏற்றினோம், ஞாபகம் இருக்கிறதா? வண்டி மேல் ஒரு மலையே இருந்தது. நான் பயந்தேன். நீ ஒரு விரலால் தள்ளிக் காட்டிச் சிரித்தாய்.

“பாத்து மலைக்காத மச்சான். சுமக்கிறது சக்கரம். கிளப்புறதும் நிறுத்துறதும்தான் நம்ம வேலை. கிளம்ப எவ்வளவு அடம் புடிக்குதோ, நிக்கவும் அவ்வளவு அடம் புடிக்கும்லா.”

நீ பள்ளிக்கூடப் பக்கமே போனதில்லை. இதை யார் உனக்குச் சொன்னார்கள் என்று நான் கேட்டதும் இல்லை.

பேப்பரில் படிக்கிறவர்களுக்காக நம் வேலை முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள். முன்னால் ஏர்க்காலுக்கு நடுவில் நீ நிற்பாய். மேடு ஏறும்போது நான் பின்னாலிருந்து தள்ளுவேன். பள்ளம் இறங்கும்போது வண்டியின் பின்கட்டையில் கட்டிய கயிற்றை இடது முன்கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்துப் பிடிப்பேன். அந்த இரண்டு சுற்று இருந்தால்தான் என் உடம்புக் கனமும் வண்டியைப் பிடிக்கும். வெறும் உள்ளங்கையால் பிடித்தால் கயிறு வழுக்கிக்கொண்டு போய்விடும்.

இறக்கம் தொடங்குமுன் நீ முன்னாலிருந்து, திரும்பிப் பார்க்காமலே, “ரெண்டா?” என்பாய். நான் சுற்றி முடித்துவிட்டு, “ரெண்டு!” என்பேன். அதைக் கேட்காமல் நீ ஒரு அடி எடுத்து வைத்தது கிடையாது. ஆறு வருஷம் அப்படித்தான். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் நீ முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தாய்.

அப்புறம் நான் ஒரு கைக்கடியாரம் வாங்கினேன்.

என் வாழ்க்கையிலேயே முதல் கடியாரம். யாரும் கேட்காமலே மணி சொல்லிக்கொண்டு திரிந்தேன். “வெள்ளைக்காரன் உன்னக் கேட்டுத்தான் கப்பலைக் கிளப்புறானாக்கும்” என்று நீ கேலி பண்ணினாய். ஆனால் நாள் முழுக்க நீதான் என்னிடம் மணி கேட்டுக்கொண்டே இருந்தாய். எனக்கு அது பிடிக்கும் என்று தெரிந்துதான் கேட்டாய், இல்லையா?

மவுண்ட் எமிலி மேட்டில் ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். அந்தச் செங்கல்லை இறக்கிக் கீழே ஒரு சந்துக்குக் கொண்டுபோக வேண்டும். காலை வேளை, வெயில்கூட ஏறவில்லை. வண்டியில் பாதிகூட நிரம்பவில்லை. நீ தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தாய். இரண்டாவது தடவையும் தள்ளிப் பார்த்தாய். “கனம் மச்சான், நல்லாச் சாய்ஞ்சு புடி” என்றாய்.

நான் செங்கல்லைக் கண்ணால் பார்த்தேன். பாதி வண்டிதானே என்று நினைத்தேன். இடது கையைப் பார்த்தேன். கயிற்றைச் சுற்றினால் கடியாரக் கண்ணாடி கீறிப் போகும். கழற்றி இடுப்பில் முடிந்திருக்கலாம், அரை நிமிஷ வேலை. கழற்ற மனம் வரவில்லை. மேட்டு வீடுகளில் வேலைக்காரப் பெண்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். இதுதான் காரணம், மச்சான். இவ்வளவு அற்பமான காரணம்தான்.

“ரெண்டா?” என்றாய்.

“ரெண்டு!” என்றேன்.

பாதி இறக்கத்தில் சக்கரம் ஒரு கல்லில் ஏறிக் குதித்தது. கயிறு என் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஓடியது. வண்டி அப்போது வேகமாகக்கூடப் போகவில்லை, ஒரு மனுஷன் ஓடுகிற வேகம்தான். பஞ்சு வண்டியாக இருந்தால் நீ குதிகாலை ஊன்றி நிறுத்தியிருப்பாய். இது செங்கல். உன் குதிகாலை அது மதிக்கவே இல்லை.

நீ ஏர்க்காலுக்குக் கீழே குனிந்து பக்கத்தில் உருண்டிருக்கலாம். கீழே ஒரு டிரைஷா மிதிவண்டியில் ஒரு சீனத்து அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் வந்துகொண்டிருந்தார்கள். நீ விடவில்லை. ஏர்க்காலை உடம்போடு அணைத்துத் திருப்பி, வண்டியை ரோட்டோர லோங்காங் சாக்கடைச் சுவரில் கொண்டுபோய் மோதினாய். சுவருக்கும் ஏர்க்காலுக்கும் நடுவில் உன் வலது கால் இருந்தது.

இனி எழுதப்போவதைத்தான் மூன்று வாரமாக எழுத முடியவில்லை. நீ அலறிக்கொண்டிருந்தாய். எல்லோரும் உன்னிடம் ஓடினார்கள். மேலே, வண்டிக்குப் பின்னால், கயிறு முழுசாகத் தரையில் கிடந்தது. இடுப்பில் சாக்குத் தையல் பிரிக்கிற பேனாக்கத்தி இருந்தது. நான் உன்னிடம் வருவதற்கு முன்னால் கயிற்றின் நுனியில் ஒரு முழத்தை அறுத்தேன். அதற்குப் பிறகுதான் ஓடி வந்து உன்னைத் தூக்கினேன்.

நமக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற தலைவரிடம் அந்த ஒரு முழத்தைக் காட்டினேன். “கயிறு அறுந்துடுச்சு, அண்ணே” என்றேன். உரிந்த உள்ளங்கையையும் காட்டினேன். “பாவம், கையெல்லாம் தோல் உரிஞ்சு போச்சு பாரு” என்று நாலு பேர் எனக்காகப் பரிதாபப்பட்டார்கள். நான் அதையும் வாங்கிக்கொண்டேன்.

முட்டிக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். பாக்கியம் அப்போது மூன்று வயதுத் தேவகியை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே கயிற்றுக் கடைக்குப் போனாள். காதர் பாய் கடை வாசலில் நின்று, மண்ணை வாரித் தூற்றிச் சாபம் விட்டாள். “இத்துப்போன கயித்த வித்து என் குடியக் கெடுத்தியே, நீ விளங்குவியா” என்று கத்தினாள். பாய் கல்லாவில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. நான் தங்கையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். ஒரு வார்த்தை சொன்னேனா? சொல்லவில்லை. பதினொரு வருஷமாகப் பாய் கடை வந்தால் எதிர்ப்பக்கத்துக்கு மாறி நடக்கிறேன்.

நீ கடைகளுக்கு முன்னால் இருக்கிற அஞ்சடி நடைபாதையில் வெற்றிலைப் பெட்டிக்கடை போட்டு உட்கார்ந்தாய். கடைக்குப் படுதா கட்டக் கயிறு வேண்டியிருந்தால், கட்டைக்காலை இழுத்துக்கொண்டு பாய் கடைக்குத்தான் போவாய். பக்கத்தில் வேறு கடை இருந்தும் போக மாட்டாய். வாங்கி வந்து, “நல்ல கயிறு, பாய்கிட்ட வாங்கினது” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்வாய். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? மன்னிக்கிற குணம் இவனுக்கு என்று நினைத்தேன். என் மண்டையில் வேறொன்றும் ஏறவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போயிருந்தேன். தேவகி சமையலறை வாசல் கொக்கியில் தையல் நூலைக் கட்டி, அதில் சின்னக் குழவிக்கல்லைத் தொங்கவிட்டிருந்தாள். கல்லுக்குக் கீழே இன்னொரு நூல் தொங்கியது. தரையில் தலையணை. பள்ளிக்கூடத்தில் செய்து காட்டினார்களாம்.

“என் குழவி உடைஞ்சா ஒன் மண்டையும் உடையும்டி” என்று பாக்கியம் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

தேவகி கீழ்நூலை மெதுவாக இழுத்தாள். மேல்நூல் அறுந்து கல் தலையணையில் விழுந்தது. மறுபடி கட்டினாள். இந்தத் தடவை வெடுக்கென்று இழுத்தாள். கீழ்நூல்தான் அறுந்தது. கல் லேசாக ஆடியதோடு சரி.

“பாத்தீங்களா மாமா! திடீர்னு இழுத்தா கல்லு நகர மாட்டேங்குது. இதுக்கு இனர்ஷியான்னு பேரு. மாஸ் கூடக்கூட இனர்ஷியாவும் கூடும்னு டீச்சர் சொன்னாங்க. நிக்கிறத நகத்துறதும் கஷ்டம், ஓடுறத நிறுத்துறதும் கஷ்டம்.”

“இத உங்கப்பா எங்கிட்ட அப்பவே சொல்லிட்டாரு” என்றேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன், மச்சான். உன் பெண் உன் வாயால் பேசுகிற மாதிரி இருந்தது. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

“அப்ப அப்பாவோட கயிறு எந்தப் பக்கம் மாமா அறுந்துச்சு? வண்டிகிட்டயா, உங்க கைகிட்டயா?”

“கைகிட்ட” என்றேன்.

“அந்தக் கயிறுதான் இருக்கே!” என்று எழுந்து ஓடினாள்.

அது இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் யாரையோ விட்டு வண்டியிலிருந்து அதை அவிழ்த்துக் கொண்டுவரச் சொன்னாயாமே. உன் தகரப் பெட்டியின் அடியில் அழகாகச் சுருட்டி வைத்திருந்தாய். ஒரு நுனியில் மட்டும் பெரிய முடிச்சு. அதன் மேல் சணல் சுற்றி, மெழுகு வேறு தேய்த்திருந்தாய். தேவகி அதைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

கயிற்றின் நுனி தட்டையாக, கத்தி வைத்த மாதிரியே இருந்தது. கொக்கியில் தொங்கிய நூலின் நுனியைத் தேவகி பார்த்தாள். அது பிரிபிரியாகக் கிடந்தது. கையிலிருந்த கயிற்றைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“இந்த முடிச்சு அப்பா போட்டதுலா. எப்பவும் அவுக்கக் கூடாதுன்னு எங்கிட்ட சொன்னாரு” என்றாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? “மணியாச்சு, வரேன்” என்று சொல்லி எழுந்தேன். சொல்லும்போது கையைத் திருப்பிக் கடியாரத்தைப் பார்த்தேன். அதே கடியாரத்தை, மச்சான்.

வீட்டுக்கு பஸ்ஸில் நின்றுகொண்டு போனேன். டிரைவர் ஒரு இடத்தில் பிரேக் போட்டார். எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள், நானும் சாய்ந்தேன். அப்போது ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. நீ மயக்கம் தெளிந்து கண் திறந்ததும் என்னிடம் முதலில் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. காலைப் பற்றி நீ கேட்கவில்லை.

“கடியாரம் உடையலியே மச்சான்?”

மருந்து மயக்கத்தில் உளறுகிறாய் என்று நினைத்தேன். இல்லையென்றால் என் மேல் எவ்வளவு பிரியம் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு பத்து வருஷத்தில் ஒரு தடவைகூட நீ என்னிடம் மணி கேட்டதில்லை. பெட்டிக்கடைக்கு வருகிற முன்பின் தெரியாதவனிடம் கேட்பாய், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற என்னிடம் கேட்க மாட்டாய். அது எப்படி எனக்கு உறைக்காமல் போயிற்று?

ஏன் சொல்லவில்லை நீ? பாக்கியத்துக்கு அண்ணன் இல்லாமல் போய்விடுவான் என்றா? நானே ஒருநாள் சொல்வேன் என்று காத்திருந்தாயா? காத்திருந்தாய் என்றால், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உன் எதிரில் உட்கார்ந்து நான் சோறு தின்றபோது உனக்கு எப்படி இருந்தது? நீ ஒரு தடவை என்னை ஓங்கி அறைந்திருக்கலாம். இன்னொரு கால் இருந்ததே, உதைத்திருக்கலாம்.

இதுவரை எழுதியதை நேற்றுப் பாக்கியத்திடம் கொண்டுபோய் நானே படித்துக் காட்டினேன். தேவகியைப் படிக்கச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். அவள் காகிதத்தைத் தொடவே மாட்டேன் என்றாள். பாக்கியம் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். படித்து முடிக்கும்வரை கழுவினாள். முடித்த பிறகும் கழுவிய மீனையே திரும்பத் திரும்பக் கழுவினாள்.

திட்டுவாள் என்று நின்றேன். என்னைப் பற்றி அவள் முதலில் பேசவே இல்லை.

“பாய் கடை வாசல்ல நின்னு நான் மண்ண வாரித் தூத்துனேனே” என்றாள். “பிள்ளையும் குட்டியுமா இருந்த மனுஷன். நீ பக்கத்துலதான நின்னே? பாத்துக்கிட்டுத்தான நின்னே?”

“ஆமா” என்றேன்.

“அவருக்குக் கால் போச்சு. அது விதின்னு நான் பத்து வருஷம் சுமந்துட்டேன். ஆனா என் வாயால ஒரு பாவத்தச் செய்ய வச்சிட்டியே. என்னையும் பொய்க்காரி ஆக்கிட்டியேண்ணே.”

மீன் கையோடு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம், “இப்பப் போ” என்றாள். நான் வாசல்வரை வந்துவிட்டேன். உன் நாற்காலியைத் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

“திங்கக்கிழமை பாய் கடைக்கு நானும் வரேன். தூத்துனவ நான்லா. நீ பேசு, நான் பக்கத்துல நிக்கிறேன். அதுக்கப்புறம் இந்த வீட்டுப் படிய நீ மிதிக்கலாமா வேணாமான்னு நான் சொல்றேன்.”

கீழே பஸ் நிற்கும் இடத்துக்குத் தேவகி ஓடி வந்தாள். அம்மா கொடுக்கச் சொன்னதாகச் சொல்லி அந்தக் கயிற்றைக் கையில் திணித்தாள். பாயிடம் காட்ட வேண்டுமாம். மாமா என்று கூப்பிடவில்லை. ஆனால் பஸ் வரும்வரை போகாமல் கொஞ்சம் தள்ளி நின்றாள்.

கடியாரத்தைக் கழற்றிவிட்டேன். மணிக்கட்டில் வெளுத்துப்போய் ஒரு பட்டை இருக்கிறது. கயிற்றை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் இதை எழுதி முடிக்கிறேன்.

மச்சான், உனக்கு இதைச் சத்தியம் பண்ணித் தருகிறேன். திங்கட்கிழமை பாய் கடை திறக்கிற நேரத்தில் வாசலில் நிற்பேன். பாக்கியம் எந்த இடத்தில் நின்று கத்தினாளோ அதே இடத்தில், அதே தெருவுக்குக் கேட்கிற மாதிரிச் சொல்வேன். வெள்ளிக்கிழமை உன் படத்துக்குக் கீழே தூக்கி ஓடிய மச்சான் என்ற வரி வராது. இந்தக் கடிதம் வரும், என் பெயரோடு வரும். பாக்கியம் கதவைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் இதிலிருந்து மாற மாட்டேன்.

இறக்கத்தின் உச்சியில் நின்று, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என் ஒரு சொல்லை நம்பி நீ கேட்டாய். பதினொரு வருஷம் கழித்து அதற்குப் பதில் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

சுத்தல மச்சான். ஒரு சுத்துகூடச் சுத்தல.

பாக்கியம் என்னை இன்னும் அண்ணன் என்று ஒப்புக்கொண்டால்,
உன் மச்சான்
சின்னராசு